உடைவதற்கென்றே வார்த்த சக்கரம்

செயின்ட்-மிஷேலில் ஒரு சிறிய பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து நான்காம் மாதம், முதலாளியின் தகப்பன் வாங்கிப்போட்ட லேத்தை உடைத்தேன். விக்டோரியா ராணி காலத்தில் இங்கிலாந்தில் செய்தது. முதலாளி அப்போது இருதயச் சத்திரசிகிச்சைக்குப் போயிருந்தார். தண்டொன்றில் மரை வெட்டும்போது உளி இறுகிக்கொண்டது. 'டக்' என்றொரு சத்தம். பக்கத்துப் பற்சக்கரத்தில் மூன்று பற்கள் இல்லை.

அடுத்த மெசினில் நின்ற யாழ்ப்பாணத்து அண்ணை ஓடி வந்தார்.

“கையிலை ஒண்டும் படேல்லையே, தங்கச்சி?”

“இல்லை அண்ணை. சக்கரம் போயிட்டுது. அந்தாள் வந்தால் என்ன சொல்லுறது?”

“உருக்கிலை ஒண்டு வெட்டிப் போடுவம். பழசை விடப் பலமா நிக்கும்.”

ஆனால் பற்களின் அளவு எங்களிடமிருந்த எந்த அளவோடும் பொருந்தவில்லை. செய்த கம்பெனியோ எப்போதோ மூடப்பட்டுவிட்டது. லேத்தில் வார்த்திருந்த ஊர்ப்பெயரைத் தேடி, அந்த ஊர் அருங்காட்சியகத்துக்குப் படங்களோடு மின்னஞ்சல் எழுதினேன்.

மூன்றாம் நாள் வேலை முடிந்து மெட்ரோவில் வரும்போது பதில் வந்தது. எழுதியவர், முன்பு அந்தக் கம்பெனியில் இயந்திர வரைபடங்களைப் பிரதியெடுத்து, இப்போது அருங்காட்சியகத்துக்கு உதவிசெய்யும் பெண்மணி. மூடும்போது குப்பைக்குப் போன வரைபடங்களை வீட்டுக்கு அள்ளிப்போனவர்.

இரண்டு சகோதரர்கள் தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு கொட்டிலில், நெசவுத்தறிக்கு உதிரிப்பாகம் செய்து தொடங்கிய தொழிலாம் அது. பிறகு ரயில் பட்டறைகளுக்கு லேத் செய்தார்கள். தொடக்க காலத்தில் ஒரு லேத் இறுகியும் நிற்காமல் சுற்றி, ஒரு தொழிலாளியின் கை நசுங்கியது. அன்றிலிருந்து மூத்தவர் ஒரு சக்கரத்தை மட்டும் மெல்லிய வார்ப்பிரும்பில் செய்வித்தார். இறுகினால் அது உடையும், மெசின் நின்றுவிடும்.

“நீங்கள் எதையும் பாழாக்கவில்லை. அது உடையத்தான் வேண்டும். தயவுசெய்து உருக்கில் செய்யாதீர்கள்” என்று எழுதி, வரைபடத்தையும் இணைத்திருந்தார்.

மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது. திரும்பத் திரும்ப வாசித்ததில், வீட்டுக்குக் கிட்டவுள்ள கோட்-டெ-நெய்ஜ் ஸ்டேஷனில் இறங்க மறந்து அடுத்த ஸ்டேஷன்வரை போய்விட்டேன்.

அண்ணையும் நானுமாக வார்ப்பிரும்பிலேயே புதுச் சக்கரம் வெட்டிப் பூட்டினோம். முதலாளி திரும்பி வந்த அன்று, அவர் கோட்டைக் கழற்றுமுன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆங்கிலத்தில் இருந்த கடிதத்தை, அவருக்குப் புரிய எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் மாற்றி வாசித்தும் காட்டினேன்.

அவர் கதிரையில் அமர்ந்து சிரித்தார்.

“அப்பாவும் ஒருமுறை இதையேதான் உடைத்தார். தன் பிழை என்றே கடைசிவரை நினைத்திருந்தார்” என்றார். பிறகு, இன்னும் இரண்டு சக்கரம் வெட்டி வைக்கச் சொன்னார்.