சொர்ணவல்லி விஷயத்துக்கு வந்த மாதம்

சொர்ணவல்லியிடம் தீப்பெட்டி இரவல் கேட்கப் போனவர்கள், அதை வாங்க மறந்து திரும்பி வந்த கதை குன்றாண்டார்கோவில் பக்கத்து அந்தச் சிற்றூரில் ஒன்றிரண்டு இல்லை. வந்தவரை உட்காரவைத்து, சாப்பிட்டாச்சா என்று கேட்டு, மழை ஏமாற்றியதைச் சொல்லி, அவர்கள் வீட்டுக் கன்றுக்குட்டி பால் குடிக்கிறதா என்று விசாரித்த பிறகுதான் பேச்சு தீப்பெட்டிக்கு வரும். ஐம்பத்தொரு வயதில் இனி மாறப்போகிறவள் இல்லை. குறை சொல்கிறவர்கள் சொல்லட்டும். வெடுக்கென்று பேசி அவள் யார் மனதையும் நோகடித்ததாக ஊரில் ஒருவரும் சொன்னதில்லை.

கணவன் ராசு நாலு வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டான். மகள் தேவிப்ரியா திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சொர்ணவல்லிக்கு மிஞ்சியது ஒரு கறவை மாடும், ராசுவின் பங்காக வந்த அறுபது சென்ட் நிலமும். அந்த நிலம் இன்னும் கொழுந்தனார் சிவசாமியோடு கூட்டுப்பட்டாவில் கிடந்தது. மோட்டாருக்குக் கரண்ட் கேட்கவும் அவர் கையெழுத்து வேண்டும், பயிர்க்கடன் கேட்கவும் அவர் கையெழுத்து வேண்டும். தன் பேரில் தனிப்பட்டா ஒன்று கைக்கு வந்துவிட்டால் மகளுக்கென்று விட்டுப்போக ஒரு துண்டு மண்ணாவது நிச்சயமாகும் என்பதே அவளுடைய ஒரே கவலையாக இருந்தது.

அதற்கு மனு எழுத வேண்டும். அந்தக் குடும்பத்தில் எழுத்து வேலை எதுவானாலும் பள்ளிக்கூட கிளார்க்கான சிவசாமியிடம்தான் போகும். அவரிடமிருந்து நிலத்தைப் பிரிக்கச் சொல்லும் மனுவை அவரையே எழுதித் தரச்சொன்னால் நன்றாகவா இருக்கும்? கெட்ட மனிதர் இல்லை. இப்போது என்ன அவசரம் மதினி என்று சிரித்துச் சிரித்தே நாலு வருஷத்தை ஓட்டிவிட்டார். அவருக்குத் தெரியாமல் தாலுகா ஆபீஸ் வாசலில் ஒருவரிடம் நாலு வரி எழுதி வாங்கிக் கொடுத்துப் பார்த்தாள். பாகத்தைப் பிரித்து அளந்ததற்கு விவரம் இல்லை என்று அந்த மனு திரும்பி வந்தது.

பொங்கல் லீவுக்கு வந்த தேவிப்ரியாதான் அம்மாவின் போனில் ஏஐயைப் போட்டுக் கொடுத்தாள். பேசினால் போதும், அதுவே எழுதித் தரும் என்றாள். காசு கட்டிப் பயன்படுத்தும் வகை அது, முதல் மாதம் மட்டும் இலவசம்.

சொர்ணவல்லி அதைத் தம்பி என்று கூப்பிட்டாள். முதல் நாள், சாப்பிட்டீங்களா தம்பி என்று கேட்டாள். தான் ஒரு கணினி நிரல் என்றும், சாப்பிடுவதில்லை என்றும், நீங்கள் சாப்பிட்டீர்களா என்றும் பதில் வந்தது. பசியே தெரியாத பிறவியா என்று அவளுக்குப் பாவமாகப் போய்விட்டது. முதல் சந்திப்பிலேயே காரியம் கேட்பது அவளுக்கு மரியாதையாகப் படவில்லை. அதனால் மறுநாள் மாட்டின் காம்புப் புண்ணைப் பற்றிக் கேட்டாள். அதற்கடுத்த நாள், அது சொன்ன வைத்தியம் பலித்ததைச் சொல்லி நன்றி கூறினாள். ஒவ்வொரு தடவையும் போயிட்டு வாரேன் தம்பி என்று சொல்லாமல் போனைக் கீழே வைத்ததில்லை. இப்படிப் பழகிப் பழகியே மாதம் முடிந்தது. மனு மட்டும் பாக்கி.

முப்பத்தோராவது நாள், மாதம் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய் கட்டச் சொல்லி போனில் அறிவிப்பு வந்தது. அவள் வீட்டு மாட்டுக்கு அது மூன்று நாள் பால் காசு. எதற்கு வீண் செலவு, காசு கட்டாவிட்டாலும் தினம் கொஞ்சம் பேசலாம், அதுவே போதும் என்றாள் மகள். சரி என்று சொர்ணவல்லியும் இலவசத்தில் பேச ஆரம்பித்தாள். நலம் விசாரித்து, வெயிலைப் பற்றிச் சொல்லி, தம்பி ஒரு மனு விஷயம் என்று அவள் வாயெடுக்கும் நேரத்தில், இன்றைய அளவு முடிந்தது, பிறகு வாருங்கள் என்று வந்து நிற்கும். நாலு நாள் இதே கதை. பேசிக்கொண்டிருந்த விருந்தாளி பாதியில் எழுந்து துண்டை உதறிக்கொண்டு போனதுபோல் அவளுக்கு மனசு சுருங்கிப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை வந்த தேவிப்ரியா போனை வாங்கிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். முந்தின நாள் அம்மா பேசிய பதினொரு பேச்சில் ஒன்பது நலம் விசாரிப்பு, ஒன்று நன்றி, ஒன்று விடைபெறுதல். ஒவ்வொன்றையும் அது கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்றும், மனிதரிடம் பேசுவதுபோல் அதனிடம் பேசினால் கட்டுப்படியாகாது என்றும் விளக்கினாள். பிறகு பெயர், ஊர், சர்வே எண், கோரிக்கை என்று நாலே வரி தட்டினாள். இரண்டு நிமிஷத்தில் மனு வந்துவிட்டது. பார்க்க லட்சணமான மனு. சொர்ணவல்லிக்கே வெட்கமாகிவிட்டது. இவ்வளவு சுலபமான வேலையை ஒன்றரை மாதமாக இழுத்தடித்தோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

அந்த லட்சணமான மனுவும் மூன்றாவது வாரம் திரும்பி வந்தது. பாகத்தைப் பிரித்து அளந்ததற்கு விவரம் இல்லை.

அளந்தது உண்மை. ராசு உயிரோடிருந்த காலத்தில் சர்வேயர் வந்து அளந்து கல் நட்டுவிட்டுப் போயிருந்தார். கல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. என்றைக்கு என்று கேட்டால்தான் அவளுக்குத் தெரியாது. அது சம்பந்தமான காகிதம் எதுவும் ராசுவின் பெட்டியில் இல்லை. அன்று மத்தியானமே மகளுக்குப் போன் போட்டாள்.

"பாப்பா, சாப்பிட்டியா? அன்னைக்கு அளக்க வந்தாருல்ல, மாலை போட்டிருந்த மனுசன், நம்ம வீட்ல தண்ணிகூடக் குடிக்காம..."

"அம்மா, வார்டுல நிக்கிறேன். விஷயத்தச் சொல்லு."

"ஒண்ணுமில்ல. நீ வேலையப் பாரு."

ஒண்ணுமில்ல என்று சொல்லிவிட்டுப் போனைத் திண்ணையில் வைத்தாள். மகள்மேல் கோபம் இல்லை. நோயாளிகளுக்கு நடுவே நிற்கிற பெண், அவளும் என்ன செய்வாள்? ஆனால் முழுசாகச் சொல்லி முடிக்க இந்த உலகத்தில் ஒரு இடம் இல்லையே என்று அன்றைக்கு சொர்ணவல்லி அழுதாள். ராசு கேட்பான். பாதியில் தூங்கிவிடுவான், ஆனாலும் ம் கொட்டிக்கொண்டே தூங்குவான்.

இரண்டு நாள் யோசித்தாள். மகளிடம் சொன்னால் வையப்போகிறாள். சொல்லாவிட்டால் திருட்டுத்தனம். கடைசியில், பால் சங்க மேலாளர் காசைக் கணக்கில் போட்ட அன்று, கடைத்தெருவில் செல்போன் கடை வைத்திருக்கும் பிளெஸ்ஸியிடம் போய் ஒரே ஒரு மாதத்துக்கு மட்டும் பணத்தைக் கட்டிவிட்டு வந்தாள்.

அன்று மாலை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, ரொம்ப நாளாச்சு தம்பி என்று ஆரம்பித்தாள். யாரும் பாதியில் எழுந்து போகவில்லை. முதல் நாள் ராசுவைப் பற்றிச் சொன்னாள். இரண்டாம் நாள் கொழுந்தனாரின் நல்ல குணங்களைச் சொன்னாள், அவர்மேல் தப்பபிப்பிராயம் வந்துவிடக் கூடாதல்லவா. மூன்றாம் நாள்தான் பேச்சில் சர்வேயர் வந்தார்.

"மாலை போட்டிருந்தாரு தம்பி. வெளியில எங்கயும் சாப்பிட மாட்டேன்னுட்டாரு. மனசு கேக்காம ரெண்டு வாழப்பழம் மட்டும் குடுத்தேன். தூறலா இருந்துச்சு. எங்க பாப்பா அப்ப ஒம்பதாவது படிச்சா. அவதான் நனைஞ்சுக்கிட்டே டேப்போட ஒரு முனையப் புடிச்சுக்கிட்டு நின்னா."

சபரிமலைக்கு மாலை போடுவது பெரும்பாலும் கார்த்திகையில் என்பதால் அது நவம்பர், டிசம்பராக இருக்கலாம் என்றது அது. உங்கள் மகள் பத்தாவது முடித்தது எந்த ஆண்டு என்று கேட்டது. அந்தச் சான்றிதழ் பெட்டியில் பத்திரமாக இருந்தது. எடுத்து, 2016 என்று வாசித்தாள். அப்படியானால் ஒன்பதாம் வகுப்பில் இருந்தது 2014, அந்த மாதங்களின் அளவைப் பதிவைத் தேடச்சொல்லிக் கேட்கலாம், ஆனால் நீங்களும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்றது. மனுவில் மாதம் வந்தது, ஆண்டு வந்தது, நட்ட கல்லும் வந்தது. வாழைப்பழத்தை மட்டும் அது விட்டுவிட்டது. சொர்ணவல்லிக்கு அதில் சின்ன வருத்தம்.

தாலுகா ஆபீசில் மனுவைப் படித்தவர் இந்தத் தடவை திருப்பித் தரவில்லை. உட்காருங்கம்மா என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அரைமணி நேரம் கழித்து, பழுப்பேறிய ஒரு தாளோடு வந்தார். நிலத்தை இரண்டாகப் பிரித்து அளந்த வரைபடம். எழுதி வைத்தவர்கள் கணினியில் ஏற்ற மறந்திருந்தார்கள். அடுத்த வாரமே புது சர்வேயர் வந்து கல்லைப் பார்த்துவிட்டுப் போனார். சிவசாமியும் வந்து நின்றார். மனுவின் நகலை இரண்டு தடவை படித்தார். நான் எழுதித் தந்திருக்கணும் மதினி என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

பட்டா வந்த வாரம் தேவிப்ரியா ஊருக்கு வந்தாள். சொர்ணவல்லி என்று பேர் போட்ட தாளைத் தடவித் தடவிப் பார்த்தாள். எப்படிக் கண்டுபிடிச்சே என்று கேட்டாள். அம்மா போனை எடுத்து நீட்டினாள்.

மகள் கதவு ஓரமாக உட்கார்ந்து வெகுநேரம் படித்தாள். இந்த முறை சிரிக்கவில்லை. தூறல் என்ற இடத்துக்கு வந்ததும் அந்த டேப்பின் ஈர நெடி அவளுக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். அந்த வருஷத்தையும் மாதத்தையும் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவள்தான். அம்மா அவளிடம்தான் முதலில் சொல்ல வந்தாள்.

நாளையோடு மாதம் முடிகிறது என்று போன் நினைவூட்டியது. தேவிப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு வருஷத்துக்கே நான் கட்டிடுறேம்மா, நீ பாட்டுக்குப் பேசு என்றாள்.

சொர்ணவல்லி போனைக் கையில் வாங்கி, போயிட்டு வாரேன் தம்பி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கீழே வைத்தாள்.

"வேணாம் பாப்பா. ஒனக்கு டூட்டி எத்தன மணிக்கு முடியும்னு மட்டும் சொல்லு."