நல்லேப்பிள்ளிக்காரர் வாங்கிய கார்ப்பந்தயம்

பாலக்காட்டுச் சித்தூரில் நான் வீடியோ கேம் கடை வைத்திருந்தபோது நல்லேப்பிள்ளியிலிருந்து ஒரு நெல் விவசாயி வருவார். நரைத்த மீசை, கணுக்காலில் காய்ந்த சேறு. துண்டில் கையைத் துடைத்த பிறகுதான் எந்த டிஸ்க்கையும் தொடுவார். துபாயிலிருக்கும் தம்பியோடு ஆன்லைனில் ஆட ஒரு கார்ப்பந்தயம் கேட்டார். அதைத் தயாரித்த நிறுவனத்தைப் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டது, மாதக் கடைசியில் சர்வரை மூடப்போகிறார்கள், அதன்பின் ஆன்லைனில் ஆட முடியாது என்பது எனக்குத் தெரியும். சொல்லாமல் விற்றேன்.

அடுத்த மாதம் டிஸ்க்கோடு வந்தார்.

"ஏனுங்க, வெலைக்கு வாங்குனது நம்முளுதுதானுங்களே? அதை அவிய எப்படீங்க நிறுத்தலாம்?"

"கம்பெனி முடிவுங்க," என்றேன்.

"முன்னமே தெரிஞ்சிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்க. நீங்க என்னங்க பண்ணுவீங்க, பாவம்."

நான் தலையாட்டினேன். அவர் பிறகு வரவில்லை. என்னை நல்லவன் என்று இன்றும் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பாரோ என்னவோ.