சும்மா நிற்கும் ஆறு பேர்

போன புதன்கிழமை மதியம் எங்கள் கம்பெனி கேட்டிலிருந்து மெயின் ரோடு வரை லாரிகள் நின்றன. காரணம் நான்தான். என்ன செய்தேன் என்கிறீர்களா? தலையாட்டினேன்... அவ்வளவுதான்.

ஓசூரில் எங்கள் கம்பெனியிலிருந்து சரக்கு லாரி வெளியே போக கேட் சீட்டு வேண்டும். இப்போது அதைக் கம்ப்யூட்டர் தருகிறது. நான் எழுதிய முதல் ப்ரோகிராம், ஒவ்வொரு சீட்டுக்கும் புதிதாக ஒரு ‘த்ரெட்’டை உண்டாக்கும். பயப்படாதீர்கள். மிஷினுக்குள் வேலை பார்க்கும் ஓர் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சீட்டுக்கு ஒருவனை வேலைக்குச் சேர்ப்பது, சீட்டு முடிந்ததும் அவனை டிஸ்மிஸ் செய்வது – எந்தக் கம்பெனி உருப்படும்?

காலையில் எப்படியோ தாக்குப் பிடித்தது. ஆனால் மதியம் இரண்டு மணி ஆனால், நெரிசலுக்கு முன் கர்நாடக எல்லையில் இருக்கும் ஜூஜுவாடி செக்போஸ்ட்டைத் தாண்டிவிட வேண்டும் என்று எல்லா டிரைவர்களும் மொத்தமாக வந்து நிற்பார்கள். ஆள் சேர்த்துச் சேர்த்தே மிஷின் படுத்துவிடும்.

சரி செய்தவர் செல்வி. விருதுநகர்ப் பக்கத்துப் பெண், எங்கள் செக்‌ஷனில் ப்ரொபேஷனில் இருப்பவர். காலையிலேயே எட்டு ஆட்களைத் தயாராக நிறுத்திவிட்டார். சீட்டு வந்தால் கை ஓய்ந்திருப்பவன் எடுத்துக்கொள்வான். முடித்ததும் மறுபடி வரிசையில் வந்து நிற்பான். சேர்ப்பதும் இல்லை, துரத்துவதும் இல்லை. லாரிகள் வழுக்கிக்கொண்டு போயின.

செவ்வாய்க்கிழமை காலை மேனேஜர் நாராயணப்பா எங்கள் அறைக்கு வந்தார். பாகலூர்க்காரர். ஹெல்பராகச் சேர்ந்து மேலே வந்தவர். ஸ்கிரீனைப் பார்த்தார். ‘வேலையில்: 2, காத்திருப்பு: 6.’

“இன்னாம்மா இது? ரெண்டு பேர்தான் வேல செய்யறான். மீதி ஆறு பேருக்கு இன்னா வேல?”

“காத்துக்கிட்டு இருக்காங்க ஸார். மத்தியானம் லாரி மொத்தமா வரும்ல, அப்ப வேணும்” என்றார் செல்வி.

“சும்மா நிக்கறதுக்கு ஆறு பேரா? மிஷின் ஷாப்புல இப்பிடி நின்னா உடுவனா நானு? மூணு போதும். இன்னாப்பா, நீ சொல்லு.”

கடைசி வாக்கியம் எனக்கு. மூன்று போதாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் தலை ஆடியது. மேனேஜர் முன்னால் அது தானாகவே ஆடும். எட்டு மூன்றானது.

புதன்கிழமை இரண்டு மணி. மிஷினுக்குள் மூன்று பேரும் ஆளுக்கொரு சீட்டை வைத்துக்கொண்டு, சரக்குக் கணக்கு சரியா என்று ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டரிலிருந்து பதில் வரக் காத்திருந்தார்கள். அடுத்த சீட்டைத் தொட ஆளில்லை. ஜன்னல் வழியாக ஒரு டிரைவர் கன்னடத்தில் திட்டினார். இன்னொருவர் தெலுங்கில். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான்.

நாராயணப்பா ஓடி வந்தார்.

“இந்தப் பொண்ணு எழுதுன ப்ரோகிராம் தானே? கன்ஃபர்மேஷன் பேப்பர் என் டேபிள் மேலதான் கீது. யோசிச்சுத்தான் கையெழுத்துப் போடணும்.”

செல்வி ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கையெழுத்து விழாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை.

“ஸார், மூணா குறைச்சதுதான் காரணம். நேத்தே நான் சொல்லியிருக்கணும். தப்பு என் மேல” என்றேன். ஒரு நாள் தாமதமாக வந்த வாக்கியம். வெட்கமாக இருந்தது.

மீண்டும் எட்டாக்கினோம். அரை மணியில் வரிசை கரைந்தது. நாராயணப்பா ஸ்கிரீனைப் பார்த்தார். லாரிதான் போய்விட்டதே... மறுபடியும் ‘காத்திருப்பு: 6.’

“பாரு, திரும்ப நிக்கறானுங்க!” என்று சொல்லிவிட்டுப் போனார். கையெழுத்து விழவில்லை.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஷாப்பில் மேனேஜர் ரவுண்ட்ஸ் வந்தால், வேலை இல்லாதவன் கையில் காட்டன் வேஸ்ட்டை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே பளபளக்கும் மிஷினைத் துடைப்பான். நாராயணப்பாவும் துடைத்தவர்தான். நிற்பதும் வேலை என்று ஒத்துக்கொள்ளும் இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் – ஃபயர் ஸ்டேஷன். அங்கேயும் மணி அடிக்காத நாளில் யாராவது கேள்வி கேட்காமல் இருப்பார்களா?

வியாழக்கிழமை செல்வி ஒரே ஒரு மாற்றம் செய்தார். எட்டுப் பேரும் அப்படியேதான் இருந்தார்கள். ஸ்கிரீனில் மட்டும் இரண்டு வரிகளை அழித்துவிட்டு ஒரே வரி எழுதினார். ‘டூட்டியில்: 8.’

வெள்ளிக்கிழமை காலை. வெளியே ஒரு லாரிகூட இல்லை. நாராயணப்பா வந்தார், பார்த்தார், முகம் மலர்ந்தது.

“இப்ப பாரு! எட்டுப் பேரும் டூட்டில கீறான். இத மொதல்லயே செஞ்சிருக்கலாம் இல்ல?”

பேப்பரை வரவழைத்து, எங்கள் மேஜையிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

செல்வி இப்போது பர்மனென்ட். நான்? வெள்ளிக்கிழமையிலிருந்து என் மேஜையில் எப்போதும் ஒரு ஃபைலைத் திறந்தே வைத்திருக்கிறேன்.