மாடில்லாத வீட்டின் மலைப்புல்

கல்வராயன் மலைக்குப் போய்த் திரும்பும்போது சாலையோரத்தில் வேரோடு பெயர்த்துக்கொண்டு வந்த புல் அது. மழை முடிந்ததும் இடுப்பளவுக்கு எழுந்து செம்பழுப்பாகக் கதிர் விடும். காற்றில் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிரும். அதைப் பார்த்தபடியே நின்று தினமும் காப்பியை ஆறவிடுவேன். களை எடுத்தே பிழைத்த குடும்பத்தில் பிறந்தவன் வாசலில் தண்ணீர் ஊற்றிப் புல் வளர்க்கிறான் என்று சங்கராபுரத்தில் எங்கள் தெருவே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தேன்.

சின்னசேலத்திலிருந்து மகளைப் பெண் பார்க்க வருகிறோம் என்று பையன் வீட்டில் சொன்னபோதுதான் புல்லை நினைத்துக் கவலை வந்தது. பையன் அவளோடு வேலை பார்க்கிறவன். அவளே விரும்பிச் சொன்ன இடம். அவன் அப்பா விவசாயி. வரப்பில் புல் தெரிந்தால்கூடப் பொறுக்கமாட்டாராம்.

"ஆளில்லாத வூடு மாதிரி இருக்குது. அறுத்துப் போடுங்க," என்றாள் மனைவி.

"அது இருக்கட்டும்பா," என்றாள் மகள்.

அரிவாளை எடுப்பதும் வைப்பதுமாக ஒரு வாரம் போயிற்று. தூக்கமே இல்லை.

வந்தார்கள். மற்றவர்கள் உள்ளே போக, பையனின் அப்பாவும் அம்மாவும் மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். பையனின் அப்பா புல்லைப் பார்த்தார்.

"இது இன்னா ரகங்க? மாட்டுக்கா?"

நான் வாய் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "ஆமாங்க, மாட்டுக்குத்தான்."

"மாடு எங்க?"

"மேய்ச்சலுக்குப் போயிருக்குதுங்க."

"வூட்லயே இவ்ளோ புல்ல வெச்சிக்கினு மாட்ட ஏங்க மேய வுடறீங்க?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவர் ஓர் இலையைக் கிள்ளி விரலால் உருவினார். ரம்பம் போல அறுக்கும் இலை. எந்த மாடும் வாய் வைக்காது. அது அவருக்குத் தெரியாதா? போச்சு, எல்லாம் போச்சு என்றே நினைத்தேன்.

பட்டுப்புடவையோடு உள்ளே இருக்க வேண்டிய மகள் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"எங்க வூட்ல மாடு இல்லீங்க. அப்பாவுக்கு இந்தப் புல்லுன்னா ஆசை, அழகுக்கு வளக்கறாரு. அம்மா பயந்துகினு அப்படி சொல்லிட்டாங்க."

சொல்லும்போது அவள் தலை குனியவில்லை.

அவர் இலையைக் கீழே போட்டுவிட்டுத் தன் மனைவியிடம், "உண்மைய சொன்னாலும் பெத்தவங்கள வுட்டுக்குடுக்காம பேசுது பொண்ணு," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தட்டு மாத்திக்கலாங்க. கல்யாணத்த தையிலயே வெச்சிக்கலாம்."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு வாரமாக நான் பயந்ததெல்லாம் இந்த இடம் தட்டிப்போய்விடுமோ என்றுதான். தையில் அவள் போய்விடுவாள் என்பது அந்த நிமிஷம் வரை எனக்கு உறைக்கவே இல்லை. அவரை உள்ளே கூப்பிடவும் மறந்து புல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன்.