ரோசரியக்காவின் மூக்குக்கண்ணாடி

எடமலைப்பட்டி புதூரில் எங்கள் பக்கத்து வீட்டு ரோசரியக்கா பள்ளிச் சீருடை தைக்கிறவர். கண்ணுக்கு மைனஸ் ஆறு பவர். கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது ஆளா பீரோவா என்று அவருக்குத் தெரியாது.

போன கோடையில் தூக்கம் கெட்டுப்போய், ஃபேன் தன்னைத் திட்டுகிறது என்று அதோடு சண்டை போட ஆரம்பித்தார். அவர் தம்பி ஸ்டீபன்ராஜும் நானும் ஆட்டோவில் ஏற்றிப்போய் ஒரு மனநல மருத்துவமனையில் சேர்த்தோம். பெயரைச் சொல்ல மாட்டேன். நாளைக்கு நானே அங்கே போக வேண்டி வரலாம்.

சேர்க்கும்போதே வளையல், சேஃப்டி பின், ஜெபமாலை, கண்ணாடி எல்லாவற்றையும் வாங்கி அலமாரியில் பூட்டினார்கள். உடைத்துக் கையைக் கீறிக்கொள்ளக் கூடாதாம். நியாயம்தான். அந்த லென்ஸ் கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்றுதான் ஒருத்தரும் தொட்டுப் பார்க்கவில்லை.

மருந்து வேலை செய்தது, அதை மறுக்க மாட்டேன். சீக்கிரமே ஃபேன் வாயை மூடிக்கொண்டது. அக்கா தூங்கினார், சாப்பிட்டார். ஆனால் டாக்டர் வளவன் ரவுண்ட்ஸ் வந்தால், அவரை விட்டுவிட்டுப் பக்கத்துத் தூணைப் பார்த்துப் பதில் சொன்னார். ‘முகம் பார்த்துப் பேசவில்லை’ என்று எழுதிய டாக்டர், மாத்திரையைக் கூட்டினார். கூட்டியதும் அக்காவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. ஜூனில் பள்ளி திறக்கிறது.

“இந்தக் கைய வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயி என்னத்தத் தைக்கப் போறேன், சுஜா?” என்று அழுதார்.

நர்ஸ் ஜோதியிடம் கண்ணாடியைக் கேட்டேன். “ரூலை மாத்தணும்னா தர மேம்பாட்டுக் கமிட்டியில வைக்கணுங்க. இப்ப அவங்க ரொம்ப பிஸி” என்றார்.

பிஸிதான். தரச் சான்றிதழ் கொடுக்க வெளியூரிலிருந்து ஆய்வுக் குழு வரப்போகிறது. சுவருக்கு இளம்பச்சை பெயின்ட் அடித்தாயிற்று, ஜன்னலுக்குத் திரை போட்டாயிற்று. வார்டுக் கோடியில் ‘நோயாளியின் உரிமைகள்’ என்று ஒரு பெரிய பலகை. எழுத்து நீலமா சிவப்பா என்று முடிவு செய்யவே கமிட்டி தனியாகக் கூடியதாம்.

ஆய்வன்று நான் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். குழுத் தலைவி யமுனா மேடம் நேரே அக்காவிடம் வந்தார்.

“உங்க உரிமையெல்லாம் என்னன்னு தெரியுமாம்மா?”

“தெரியாதுங்களே.”

டாக்டர் முகம் கறுத்துப்போயிற்று. “அதோ, எதிர்லயே எழுதியிருக்கேம்மா” என்றார்.

அக்கா ஜன்னல் திரையை உற்றுப் பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம் குழப்பம் இருக்கு, மேடம். டோஸைக் கூட்டிப் பாக்கணும்” என்றார் டாக்டர்.

அதற்குமேல் சும்மா நிற்க நான் என்ன சாமியாரா? “டாக்டர், அவங்க கண்ணாடி உங்க அலமாரியில இருக்கு. அதக் குடுத்துட்டு அப்புறம் டோஸைப் பாருங்க” என்றேன்.

மேடம் இருந்ததால் அலமாரி உடனே திறந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்ட அக்கா பலகையை ஏறிட்டும் பார்க்கவில்லை. டாக்டரைத்தான் ஆசைதீரப் பார்த்தார். “இவ்வளவு சின்னப் புள்ளையா நீங்க? குரல வச்சு வயசானவருன்னுல்ல நெனச்சேன்.”

டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். கை நடுக்கம் நின்றதும் அக்காவை வீட்டுக்கு அனுப்பினார்கள். மருத்துவமனைக்கும் சான்றிதழ் கிடைத்தது.

ஜூன் சீருடைகளைத் தைத்துக் கொடுத்துவிட்டு அக்கா செக்கப்புக்குக் கிளம்பினார். துணைக்கு நானும் போனேன். வார்டு வாசலிலிருந்தே பலகை தெரிந்தது. அடியில் புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அக்கா நின்று வாசித்தார்: ‘மூக்குக்கண்ணாடியைக் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை.’

பலகைக்கு எதிர்க் கட்டிலில் இருந்த பெண் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

“யாருங்க அங்க நிக்கிறது?” என்று கேட்டாள்.