லிப்டுக்காரர் சொல்லாத பங்கு

வேலை போன அன்று ஐந்தாம் மாடிப் பெண் அழுதுகொண்டே லிப்டில் ஏறினாள். கீழே வாசலில் அவளை அழைத்துப் போக அப்பா காத்திருந்தார். அந்த முகத்தோடு அவர் முன்னால் போய் நிற்க அவளுக்குத் தெம்பில்லை. லிப்டுக்காரர் என்ன ஏது என்று கேட்கவில்லை. கீழ்த்தளம் வந்ததும் கதவைத் திறக்காமல் மறுபடி மேலே ஏற்றினார். மேலே போய்த் திரும்பவும் கீழே. வழியில் ஆட்கள் கதவைத் தட்டினார்கள். கொஞ்சம் மக்கர் பண்ணுகிறது, படியில் போங்கள் என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தார். அவள் மூக்கைச் சிந்தி, முகத்தைத் துடைத்து, முடியை ஒதுக்கிக்கொண்ட பிறகுதான் கதவு திறந்தது. வெகுநாள் கழித்து, வேறு வேலைக்கு மனு போட நகல் எடுக்க வந்தபோது அந்தப் பெண் இதை ஜெராக்ஸ் அக்காவிடம் சொன்னாள். லிப்டுக்காரர் வாயிலிருந்து அது ஒருநாளும் வந்ததில்லை.

அவர் வாயிலிருந்து எதுவுமே வந்ததில்லை என்பதுதான் அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் வயிற்றெரிச்சல். அவருக்குப் பூட்டு என்றே பேர் வைத்துவிட்டார்கள். காலையில் விசையைத் தொடுமுன் கண்ணை மூடிச் சற்று நிற்பார். ஏறுகிறவர்கள் எல்லோரும் நல்லபடியாக இறங்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய வேண்டுதல். பிறகு முக்காலியில் உட்கார்ந்தால், பக்கத்தில் நின்று யார் யாரைத் திட்டினாலும், யார் குடும்பக் கதை நாறினாலும், அவர் முகம் சுவர் மாதிரி இருக்கும். லிப்டுக்குள் கேட்டது லிப்டுக்குள்ளேயே கிடக்கும்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் கீழ்த்தளத்து மதியச் சங்கத்துக்கு.

மாடிப்படிக்குக் கீழே ஜெராக்ஸ் அக்காவின் கடை. மதியம் கூட்டம் குறைந்ததும் காப்பிக்கடைக்காரரும், பாலிசி என்று பேரெடுத்த காப்பீட்டு முகவரும், வாட்ச்மேனும் சோற்று டப்பாவோடு அங்கே வந்துவிடுவார்கள். சாப்பாடு ஒரு சாக்கு. பேச்சு முழுக்கப் பங்குச் சந்தைதான். உலகம் உள்ள மட்டும் சுவர் இருக்கும், சுவர் உள்ள மட்டும் பெயின்ட் விற்கும் என்பது பாலிசியின் கட்சி. தெருவில் போகிற லாரிகளைப் பார்த்தே வாட்ச்மேன் சிமென்டுக்கு ஜாதகம் எழுதுவார். நீ லாரியை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில்தான் என் சைக்கிள் காணாமல் போனது என்று காப்பிக்கடைக்காரர் அவர் வாயை அடைப்பார்.

ஆனால் அவர்கள் எல்லோருக்கும் ஒரே ஒருவர் மேல்தான் பக்தி. அவர் ஏழாம் மாடியார். ஊரார் போடுகிற பணத்தையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பங்கில் போட்டுப் பெருக்கும் பெரிய பண்டு மேனேஜர். அவர் தொட்டதெல்லாம் துலங்கும் என்று பத்திரிகையில் படம் போட்டு எழுதினார்கள். அப்படியென்றால் அவருடைய பண்டிலேயே பணத்தைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கலாமே என்று அக்கா ஒருமுறை கேட்டாள். பாலிசி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அவர் கையில குடுத்தா அவருக்குக் கூலியும் சேர்த்துக் குடுக்கணும்கா. அவரைப் பார்த்து நாமளே செஞ்சா ஓசிதானே."

பார்த்துச் செய்வதில்தான் சிக்கல். ஏழாம் மாடியார் என்ன வாங்கியிருக்கிறார் என்ற பட்டியல் ஊருக்குத் தெரிய வரும்போது, பந்தி முடிந்து இலை எடுத்திருப்பார்கள். அதனால் சங்கம் அவர் முகத்தைப் படித்தது. காப்பியில் சர்க்கரை கூடவா, காரிலிருந்து இறங்கும்போது சிரித்தாரா, எல்லாம் மதியம் அலசப்படும். ஒருநாள் அவர் புதுச் செருப்போடு வந்தார் என்று செருப்புக் கம்பெனிப் பங்கை வாங்கினார்கள். இன்னொரு நாள் நொண்டிக்கொண்டு வந்தார். சந்தை விழப்போகிறது என்று கையிலிருந்ததை எல்லாம் விற்றார்கள். புதுச் செருப்பு கடித்திருந்தது, அவ்வளவுதான்.

அந்த மனிதரோடு தினமும் ஒட்டி நின்று மேலே போகிறவர் பூட்டு. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல மாட்டார். கடைசியில் சங்கம் ஒரு வழி கண்டுபிடித்தது. பூட்டு வெயிலைப் பற்றியும் முட்டிவலியைப் பற்றியும் பேசினால் மேலே ஒன்றும் இல்லை. பூட்டு பேசாமல் இருந்தால் என்னவோ இருக்கிறது.

இப்படி இருக்கும்போதுதான் ஏழாம் மாடியிலிருந்து ஒரு பேட்டரிக் கம்பெனியின் ஆண்டறிக்கை அக்காவிடம் வந்தது. அங்கே உள்ள எல்லோருக்கும் ஆளுக்கொரு நகல் வேண்டும், இன்றைக்கே வேண்டும். வாடிக்கையாளர் தாளை அக்கா படிக்கிறதில்லை. அட்டையில் இருந்த பேட்டரிப் படம் அவள் கண்ணில் தானாக விழுந்தது. மதியம் அது தானாக வாயிலும் வந்துவிட்டது.

சங்கம் சோற்றை மறந்தது. அத்தனை பேரும் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்றால் வாங்கத்தான் என்று பாலிசி அடித்துச் சொன்னார். அந்த நேரம் பார்த்துப் பூட்டு தண்ணீர் குடிக்க வந்தார். எல்லாக் கண்ணும் அவர் மேல். வெயில் எப்படி என்று வாட்ச்மேன் தூண்டில் போட்டார். பூட்டு பதில் சொல்லவில்லை. முட்டி எப்படி என்றார் காப்பிக்கடைக்காரர். அதற்கும் இல்லை. தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் மூவரும் கையில் இருந்ததைப் பேட்டரியில் போட்டுவிட்டார்கள்.

அக்கா கையிலும் பணம் இருந்தது. ஆனால் அது கடைக்கான முன்பணம். மாத வாடகைக்கு இருந்தவள், கடையை நீண்டகாலக் குத்தகைக்கு எழுதிக்கொள்ள வருஷக்கணக்காகச் சேர்த்தது. அவளும் படிக்கிற மகளும் நம்பியிருப்பது அந்தக் கடை ஒன்றைத்தான். மாசக் கடைசிக்குள் கொடுத்தால் போதும் என்று கட்டடக்காரர் சொல்லியிருந்தார். அதற்குள் பேட்டரி ஏறினால் முன்பணமும் ஆச்சு, இன்னொரு மெஷினும் ஆச்சு என்று மனசு கணக்குப் போட்டது. ராத்திரி முழுக்கப் புரண்டாள். மறுநாள் காலையில், நாலாம் மாடிப் பங்குத் தரகர் அலுவலகத்துக்குப் போக லிப்டில் ஏறினாள். வேறு யாரும் இல்லை.

"அண்ணே, வாயைத் திறந்து சொல்ல வேணாம். தலையை மட்டும் ஆட்டுங்க. வாங்கலாமா?"

அவர் தலை அசையவில்லை. "கடை விஷயம் என்னம்மா ஆச்சு?" என்றார். மாசக் கடைசியில் என்றாள். "பணம் கையில இருக்கா?" இருக்கிறது என்றாள். "சரிம்மா" என்றார்.

தரகர் இன்னும் வந்திருக்கவில்லை. பத்து மணிக்கு மேல் வரச் சொன்னார்கள். அக்கா கீழே வந்து கடையைத் திறந்து, காசோலைப் புத்தகத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தாள். தரகருக்கு முன்னால் கட்டடக்காரர் வந்து நின்றார், கையில் குத்தகைப் பத்திரத்தோடு.

"பணம் தயாரா இருக்காமே. இப்பத்தான் லிப்டுல வரும்போது பூட்டு அண்ணன் சொன்னாரு. இன்னைக்கே முடிச்சிடலாம்மா. மருந்துக் கடைக்காரன் ஒருத்தன் வேற இந்த இடத்தைக் கேட்டு என்னைப் பிச்சு எடுக்கறான்."

இன்று விட்டால் இடம் மருந்துக் கடைக்காரனுக்குப் போய்விடும். வேறு வழியில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

பேட்டரி அன்றைக்கே ஏறியது. மறுநாளும் ஏறியது. காப்பிக்கடைக்காரர் சங்கத்துக்குக் கெட்டியான காப்பி கொடுத்தார், அதுவும் காசு வாங்காமல். உங்களுக்கு ஆசை இருக்கிறது, அதிர்ஷ்டம் இல்லை அக்கா என்று பாலிசி உச்சுக் கொட்டினார். அக்கா பூட்டோடு பேச்சை நிறுத்தினாள். லிப்டையும் நிறுத்தினாள். மேல்மாடிகளுக்கு நகல் கட்டுகளைச் சுமந்துகொண்டு படியில் ஏறினாள். ஒவ்வொரு மாடியிலும் லிப்டுக் கதவு திறக்கும், பூட்டு அவளைப் பார்ப்பார், அவள் மூச்சு வாங்கியபடி சுவரைப் பார்ப்பாள். கோபத்தைக் கால்கள் இரண்டும்தான் சுமந்தன. ராத்திரி அந்தக் கால்களுக்குத் தைலம் தேய்த்துவிட்ட மகள், "லிப்டுக்கும் உனக்கும் என்னம்மா தகராறு?" என்று கேட்டாள்.

அடுத்த வாரம் பேட்டரி விழுந்தது. ஏழாம் மாடியார் தன்னிடம் இருந்த பேட்டரிப் பங்கு அத்தனையையும் விற்றுவிட்டார் என்று செய்தி வந்தது. அதை ஏன் விற்க வேண்டும் என்று தன் ஆட்களுக்கு விளக்கத்தான் அத்தனை நகலும். காப்பி மறுபடி தண்ணீரானது. காப்பிக்கடைக்காரர் காசும் கேட்டார்.

மதியம் சங்கம் பூட்டை வளைத்துக்கொண்டது. தெரிந்தும் எங்களைக் குழியில் தள்ளிவிட்டீர்களே என்று பாலிசி குமுறினார்.

"நான் எப்பப்பா வாங்கச் சொன்னேன்?" என்றார் பூட்டு.

"நீங்க பேசாம இருந்தீங்களே."

பூட்டு அன்று வெயிலைப் பற்றியும் முட்டிவலியைப் பற்றியும் வெகுநேரம் பேசினார். அக்கா அன்று கடைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். தனக்குச் சொந்தம்போல ஆகிவிட்ட அந்த நாலு சுவரைப் பார்த்துக் கடவுளுக்கு நன்றி சொன்னாள். மறுநாள் ஒன்றும் நடக்காதது மாதிரி கட்டைத் தூக்கிக்கொண்டு லிப்டில் ஏறினாள். அவரும் ஒன்றும் நடக்காதது மாதிரி, "ஏழாவதாம்மா?" என்றார்.

ஆனால் அவளுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. தெரிந்துதான் கட்டடக்காரரை அனுப்பினாரா? இல்லை, எதேச்சையாக வந்த பேச்சா? கேட்டால் சொல்ல மாட்டார். அதற்குள் பழைய லிப்டைக் கழற்றிவிட்டு, ஏறுகிறவர்களே பொத்தானை அழுத்திக்கொள்ளும் புது லிப்டு மாட்ட ஏற்பாடானது. பூட்டுக்கு வேலை முடிந்தது. மகன் வீட்டோடு போய் இருக்கப் போவதாகச் சொன்னார்.

கடைசி நாள் சாயங்காலம் அக்கா கடையைச் சீக்கிரமே அடைத்தாள். அவர் லிப்டைவிட்டு இறங்கி, வாசல் தாண்டி, தெருவுக்கு வரும்வரை கூடவே நடந்தாள். பேருந்து நிறுத்தத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, இப்ப நாம லிப்டுக்குள்ள இல்லை. அது இனிமே உங்க லிப்டும் இல்லை. இப்பவாவது சொல்லுங்க. அவர் விக்கப் போறார்னு உங்களுக்கு முன்னமே தெரியுமா, தெரியாதா?"

பேருந்து வந்துவிட்டது. அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, படியில் ஒரு காலை வைத்து, முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

"அந்த ஏழாம் மாடிக்காரர் இருக்காரே, அவர் தினமும் என்கிட்ட என்ன கேட்பார் தெரியுமாம்மா? கீழ உங்க ஆளுங்க இன்னைக்கு எதை வாங்கினாங்கன்னு கேட்பார். இத்தனை வருஷத்துல அவருக்கு நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்ப உனக்கு மட்டும் சொல்லிட்டா, அந்த மனுஷன் என்னைப் பத்தி என்ன நினைப்பார்?"