அப்பாவின் வலது கை

இன்று காலை கொச்சியில், காக்கநாட்டு ஆபீஸுக்குப் பஸ் பிடிக்க நடந்துகொண்டிருந்தேன். கொச்சங்காடி சாயாக்கடையில் அப்பா தன் நண்பர்களோடு உட்கார்ந்திருந்தார். சாயா கிளாஸ் இடது கையில். வலது கை மடியில் அசையாமல் கிடந்தது.

நான் இடது கையால் எதையாவது வாங்கினால் இந்த வயதிலும் என்னை முறைக்கிற மனிதர்.

பக்கவாதம்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"அப்பா, வலது கையைத் தூக்குங்கோ!"

அவர் நண்பர்களைப் பார்த்தார். கையைத் தூக்கவில்லை.

"முடியலையாப்பா?" கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது.

சட்டென்று அந்த வலது கை எழுந்து என் கண்ணைத் துடைத்தது.

"அசடு, எதுக்குடி அழறே? மூளைக்கு நல்லதுன்னு நாங்க எல்லாரும் தெனம் இடது கையால குடிச்சுப் பழகறோம். வலது கையைத் தூக்கினா அவுட். அவன்தான் எல்லாருக்கும் சாயா வாங்கித் தரணும்."

"சாமி அவுட்டாயே!" என்று கடைச் சேட்டன் அப்பாவைப் பார்த்துக் கத்தினார். நண்பர்கள் அத்தனை பேரும் கைதட்டினார்கள்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்பா நிதானமாக ஒரு வாய் சாயா குடித்தார்.

"கை தட்டினேளே, ஒத்தைக் கையாலயா தட்டினேள்? எல்லாரும் அவுட்!"

தட்டிய கைகளை எல்லாரும் மெல்ல மடிக்கு இறக்கினார்கள்.

மூளைக்கு நல்லதுதான் போலிருக்கிறது.

பஸ் போய்விட்டது. மேனேஜரிடம் என்ன காரணம் சொல்லலாம் என்று யோசித்துச் சொல்லுங்கள். பதிலை இடது கையால் டைப் செய்தால் நல்ல யோசனையாக வரும்.